தக்காளிப் பச்சடி, எத்தியோப்பிய முறை

பழுத்த தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய் ஆகிய மூன்றையும் நறுக்கி, எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் உப்பும் சேர்த்து, அடுப்பில் ஏற்றாமலே உண்ணப்படும் உறைப்பான பதார்த்தம். அம்ஹாரிக் மொழியில் திமாத்திம் என வழங்கும் இது, எத்தியோப்பியக் கிறிஸ்தவர்களின் உபவாச உணவுகளுள் ஒன்று. அந்நாட்டின் வைதிகத் திருச்சபையைச் சேர்ந்தோர் வாரந்தோறும் புதனும் வெள்ளியும், ஈஸ்டருக்கு முந்திய பெருநோன்பின் 55 நாட்களும் மாமிசம், முட்டை, பால், நெய் அனைத்தையும் விலக்கிவிடுவதால், அவற்றின் உதவியின்றியே நாவுக்கு ருசி தரவல்ல காய்கறி வகைகள் அங்கே பெருகின. புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்தை அறிந்த நம்மவர்க்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும்.

இதன் பிரதான சரக்குகளான தக்காளியும் மிளகாயும் எத்தியோப்பியாவுக்கும் தமிழகத்துக்கும் ஒருங்கே அந்நியமானவை. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பிரதேசத்தில் தோன்றி, மெக்ஸிகோவில் பயிராகிப் பண்பட்ட தக்காளி, ஸ்பானியர் 1521-இல் அந்நாட்டை வென்ற பிறகே ஐரோப்பாவை அடைந்தது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதைத் தொடர்ந்து வந்த போர்த்துகேயர் மிளகாயை நம் நாட்டுக்குக் கொணர்ந்தனர். அவருடைய மைந்தர் கிறிஸ்தோவாவ் ட காமா, கோவாவிலிருந்து சென்ற கப்பற்படையோடு போய் 1541-இல் நானூறு வீரருடன் செங்கடற்கரையில் மஸாவாவில் இறங்கி, எத்தியோப்பிய மன்னருக்குத் துணையாகப் போரிட்டு மாண்டார் என்னும் சரித்திரத்தை நோக்கின், இரு தேசங்களுக்கும் இடையே அன்று கடல்வழி எவ்வளவு குறுகியிருந்தது என்பது புலனாகும்.

எனினும் இவ்விரு நாடுகளின் உறவு போர்த்துகேயரோடு தொடங்கியதன்று. கிழக்காப்பிரிக்க மேட்டு நிலங்களில் முதன்முதல் பயிராகிய கேழ்வரகு, எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னரே இந்தியா வந்து, இன்று திண்டிவனம் வட்டாரத்து உழவர் வீடுகளில் கூழாகவும் களியாகவும் தன் சொந்த வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது. எத்தியோப்பியாவின் முக்கிய எண்ணெய் வித்தும் பேயெள் என்ற பெயரால் நம் மலைநாட்டு உழவர்க்குப் பரிச்சயமானதே.

தமிழர் சமையலில் தக்காளி நெடுங்காலம் வாசலிலேயே நின்றது. புளிப்புக்குப் புளியும் உறைப்புக்கு மிளகும் போதுமாயிருந்த அடுக்களையில் அது சீமைத் தக்காளி என்ற பெயரோடு தயக்கத்துடன் நுழைந்தது. சிராத்த சமையலில் இன்றும் பல குடும்பங்கள் அதனைச் சேர்ப்பதில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியினர் அண்ணஞ்சி என்னும் உள்ளூர் வகையிலிருந்து உருவாக்கிய பி.கே.எம். 1 போன்ற இரகங்கள் பரவியபின், அது ஏழை எளியவர் வாங்கும் அன்றாடப் பண்டமாயிற்று. இருப்பினும் நம்மவர் அதனைப் பச்சையாக உண்ணும்போது தயிரில் தோய்த்துக் கடுகு தாளித்தே உண்டனர். தயிரும் தாளிப்பும் இல்லாத எத்தியோப்பிய முறை, தக்காளியின் இயல்பான சுவையை மறைக்காமல் விடுவதால், என் மதிப்பில் நம் பச்சடியினும் ஒரு படி உயர்ந்தது.

இதனைச் செய்து பார்க்கப் பெருமுக்கல்லைவிடத் தகுந்த ஊர் அரிது. 1760-இல் கர்னல் கூட் தலைமையில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய மலைக்கோட்டையையும், உச்சியிலுள்ள சிவாலயத்தையும் உடைய அவ்வூர், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் உள்ளது. சாலையின் கீழ்க்கோடியில் மரக்காணத்து உப்பளங்கள். மேற்கோடியில், 1940-இல் டி.எம்.வி. 2 என்னும் நிலக்கடலை இரகத்தை அளித்த திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம். ஆகவே உப்புக்கும் கடலை எண்ணெய்க்கும் அவ்வூரார் தூரம் போக வேண்டியதில்லை.

அரைக் கிலோ நாட்டுத் தக்காளி, பழுத்தும் கெட்டியாக உள்ளதாய், எடுத்துக்கொள்க. ஒரு கைப்பிடி சின்ன வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, சிறிது உப்பும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் விட்டுப் பிசறி வைத்தால் அதன் காரநெடி தணியும். மூன்று பச்சை மிளகாயைப் பொடியாக அரிந்து, இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெயில் முதலிலேயே ஊறவிடுவது விசேஷம்; மிளகாயின் உறைப்புச் சத்து நீரில் கரையாது, எண்ணெயில் கரையும் ஆதலால், உறைப்பு ஓரிடத்தில் சுள்ளென்று தைக்காமல் எங்கும் சமமாகப் பரவும். எத்தியோப்பியர் தூவும் பெர்பெரே என்ற மசாலைப் பொடிக்கு ஈடாக, மிளகாய்த்தூளுடன் வறுத்துப் பொடித்த வெந்தயம், ஓமம், ஏலக்காய், சுக்கு ஆகியவற்றை வகைக்கு ஒரு சிட்டிகை சேர்க்கலாம். தக்காளியைக் கடைசியில் அரிந்து கலந்து, எஞ்சிய உப்பைப் பரிமாறுவதற்குக் கால்மணி நேரம் முன்னர் மட்டுமே தூவ வேண்டும்; முந்தித் தூவினால் உப்பு நீரை இழுத்து, துண்டுகள் தொய்ந்து, கிண்ணத்தில் ரசமே மிஞ்சும்.

எத்தியோப்பியர் இதனை, டெஃப் என்னும் மிக நுண்ணிய தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட இஞ்செராவுடன் உண்பர். இஞ்செராவைப் பிய்த்து இதிலேயே ஊறவிட்டால் அது ஃபிட்ஃபிட் எனப்படும். டெஃப் கிடைக்காத நம் ஊரில் புளித்த கேழ்வரகு தோசை அவ்விடத்துக்கு நன்கு பொருந்துகிறது. மெல்லியதாக வார்த்து ஆறவிட்டுப் பிய்த்துப் போட்டு, கிண்ணத்தடியில் தேங்கிய புளிப்பும் உறைப்பும் கலந்த சாற்றைத் தோசை முழுவதும் உறிஞ்சிக்கொண்ட பின் உண்ண வேண்டும்.