பக்கிங்காம் கால்வாயும் கிரென்வில் குடிவழியும்

முன்னுரை

மாத்தூருக்குக் கிழக்கே, மணலிக்கும் திருவொற்றியூருக்கும் இடையே எண்ணூரை நோக்கிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயை வடசென்னை மக்கள் இன்று கழிவுநீர்க் கால்வாயாகவே அறிவர். அப்பெயருக்குரிய பிரபுவின் குடிவழியையும், அப்பெயர் இங்கு நிலைத்த சூழலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஐந்து பெயர்களின் வரலாறு

1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் மற்றும் சாண்டோஸின் மூன்றாம் கோமகன் (1823–1889). அவருடைய குடும்பப் பெயர் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில் என ஐந்து உறுப்புகளைக் கொண்டது. இவற்றுள் கிரென்வில் மட்டுமே தந்தைவழிப் பெயர். ஏனையவை அக்குடும்பத்தில் மணம்புகுந்த பெண்கள் வழி வந்தவை. 1710இல் ஹெஸ்டர் டெம்பிளின் திருமணத்தால் டெம்பிள் பெயரும், பின்னர் ஸ்டோ மாளிகையும் கிரென்வில்களைச் சேர்ந்தன. 1775இல் மேரி நியூஜென்ட், 1796இல் சாண்டோஸ் கோமகனின் மகள் அன்னா எலிசா பிரிட்ஜஸ் ஆகியோரின் திருமணங்கள் பிற பெயர்களைக் கொணர்ந்தன.

ஜார்ஜ் கிரென்வில், வில்லியம் கிரென்வில் என இரு பிரதமர்களைத் தந்த இக்குடி 1822இல் கோமகன் பட்டம் பெற்றது. ஆயினும் இரண்டாம் கோமகன் பெருங்கடனில் மூழ்கியதால், 1848இல் ஸ்டோ மாளிகையின் பொருள்கள் ஏலம் போயின. மூன்றாம் கோமகனுக்கு மூன்று மகள்கள், ஆண்வாரிசு இல்லை. எனவே 1889இல் கோமகன் பட்டம் மறைந்தது. பெயரும் சொத்தும் பெண்வழி வரலாம், பட்டம் வரலாகாது என்ற முரணே அதன் முடிவுக்குக் காரணமாயிற்று.

கால்வாயும் பஞ்சமும்

கால்வாயைத் தொடங்கியவர் இக்குடியினர் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே அதை வெட்டுவித்தவர் ஸ்காட்லாந்தின் டண்டொனால்டு பிரபு குடும்பத்தைச் சேர்ந்த வணிகர் பேசில் காக்ரேன். அது நெடுங்காலம் காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. 1876–78 பெரும்பஞ்சத்தின்போது, நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. பகுதி வெட்டப்பட்டது. நிவாரணப் பணியாளரின் நாட்கூலி ஓர் இராத்தல் தானியமும் சிறு காசுமாகக் குறைக்கப்பட்ட பஞ்சம் அது. வெட்டு முடிந்த 1878இல் முழுக் கால்வாய்க்கும் ஆளுநரின் பெயர் சூட்டப்பட்டது.

முடிவுரை

வெட்டுவித்த வணிகர் பெயரை ஆண்ட பிரபுவின் பெயர் அகற்றியது. பசியோடு மண் சுமந்தோர் பெயர் எப்போதும் இடம்பெறவில்லை. சொந்த நாட்டில் மறைந்த கோமகன் பட்டத்தின் பெயர் வடசென்னையின் நீரில் நிலைத்திருக்கிறது. ஆகவே கால்வாய்ப் பெயரை ஆராய்வோர் பிரபுக்களின் குடிவழியோடு நின்றுவிடாமல், பஞ்சநிவாரணப் பணியாளர் வரலாற்றையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.