சிலுவையோடு முடியாத மீட்பு

கி.பி. 177இல், இன்றைய பிரான்சின் லியோன் நகரில் கிறிஸ்தவர்கள் கும்பலாகக் கொல்லப்பட்டார்கள். தொண்ணூறு வயதைக் கடந்த ஆயர் போத்தினுஸ் சிறையிலேயே உயிர்விட்டார். கொன்றவர்கள் அதோடு நிற்கவில்லை. பிணங்களை ஆறு நாள் வெட்டவெளியில் போட்டுவைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். உடலே மிஞ்சாவிட்டால் இவர்கள் எப்படி எழுந்துவர முடியும் என்பது அவர்களுடைய கணக்கு. தப்பிப் பிழைத்தவர்கள் ஆசியாவிலும் பிரிகியாவிலும் இருந்த சபைகளுக்கு எழுதிய கடிதம் இதைச் சொல்கிறது. வரலாற்றாசிரியர் யூசேபியஸ் அதைத் தம் நூலில் சேர்த்துவைத்ததால்தான் நமக்குக் கிடைத்தது.

ஒரு சமயத்தின் உயிர்நிலை எது என்பதை அதன் எதிரிகள் எவ்வளவு சரியாகக் கண்டுகொண்டார்கள்! ஆனால் ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின், மேற்கத்திய இறையியலின் தலைசிறந்த மூளைகளில் ஒன்று, உயிர்த்தெழுதலைப் பெரிதாகத் தொடாமலேயே மீட்பை விளக்கி முடித்தது. இடையில் நடந்தது என்ன?

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரமே இந்தப் பொருளில் கிடைக்கும் மிகப் பழைய நீண்ட வாதம். 50களின் நடுவில் எபேசுவிலிருந்து எழுதப்பட்ட அது, நான்கு நற்செய்தி நூல்களுக்கும் முந்தியது. தாம் பிறரிடமிருந்து பெற்றதாகச் சொல்லி ஒரு சுருக்கமான விசுவாச அறிக்கையோடு பவுல் தொடங்குகிறார். பாவங்களுக்கான இறப்பு, அடக்கம், மூன்றாம் நாள் எழுப்பப்படுதல், கேபாவுக்கும் பன்னிருவருக்கும் தோன்றுதல் ஆகியவை அதில் அடுத்தடுத்து நிற்கின்றன.

கொரிந்துக்காரர்கள் இயேசு எழுந்ததை மறுத்ததாகத் தெரியவில்லை. செத்த மனிதர்கள் எழுவார்கள் என்பதைத்தான் அவர்களில் சிலரால் ஏற்க முடியவில்லை. ஆன்மா உடலிலிருந்து விடுபடுவதே மேன்மை என்று பழகிய கிரேக்க மனத்துக்கு அது அருவருப்பாகக்கூட இருந்திருக்கும். பவுல் விட்டுக்கொடுக்கவில்லை. இறந்தோர் எழுவதில்லை என்றால் கிறிஸ்துவும் எழவில்லை. அவர் எழவில்லை என்றால் கொரிந்தியர் இன்னும் தங்கள் பாவங்களிலேதான் கிடக்கிறார்கள் என்று வாதிட்டார்.

இந்தக் கடைசிப் படியில் நின்று யோசிக்க வேண்டும். பாவம் நீங்கச் சிலுவை மரணம் மட்டும் போதும் என்று பவுல் நினைத்திருந்தால் இப்படி வாதிட்டிருக்கவே முடியாது. அவருக்குப் பாவமும் சாவும் மனிதரை அடிமைப்படுத்திய கூட்டு அதிகாரங்கள். சாவு தோற்காதவரை பாவம் தோற்றதாகச் சொல்ல முடியாது. சில ஆண்டுகள் கழித்து ரோமையருக்கு எழுதியபோது, மனிதர் கடவுள்முன் நீதிமான்களாவதையே இயேசு எழுப்பப்பட்டதோடு சேர்த்துச் சொன்னார். திருமுழுக்கை அவரோடு இறந்து புதைக்கப்பட்டுப் புதுவாழ்வுக்குள் நுழைவதாக விளக்கினார்.

லியோனில் போத்தினுஸுக்குப் பின் ஆயரானவர் இரேனியுஸ். இளம் வயதில், ஸ்மிர்னாவின் ஆயர் பொலிகார்ப் போதித்ததை நேரில் கேட்டவர். சுமார் 180இல், ஞானவாதக் குழுக்களை மறுத்து ஐந்து பகுதிகள் கொண்ட நூலை எழுதினார். பொருளுலகம் கீழான ஒரு சக்தியின் வேலை, சதைக்கு மீட்பு கிடையாது என்பது அக்குழுக்களின் கொள்கை. நற்கருணையில் ஆண்டவரின் உடலாலும் இரத்தத்தாலும் ஊட்டம் பெறும் சதை எப்படி நிலைவாழ்வுக்கு உதவாததாகும் என்று இரேனியுஸ் திருப்பிக் கேட்டார். ஆதாம் கெடுத்த மனித வாழ்வை, குழந்தைப் பருவம் முதல் சாவு வரை கிறிஸ்து தாமே திரும்ப வாழ்ந்து, சாவுக்கு அப்பாலும் கொண்டு சேர்த்தார் என்பது அவருடைய விளக்கம். இதில் மீட்பு என்பது ஆன்மா தப்பித்துப் போவது அல்ல. படைப்பு முழுவதும் செப்பனிடப்படுவது. தம் மக்களின் உடல்கள் சாம்பலாகி ஆற்றோடு போன ஊரில் அமர்ந்து இதை எழுதியவருக்கு, சதையின் எதிர்காலம் ஏட்டளவிலான சர்ச்சையாக இருந்திருக்காது.

ஆதிச் சபையின் ஓவியங்களும் இந்தத் திசையிலேயே செல்கின்றன. சிரியாவின் துரா யூரோபோஸ் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருமுழுக்கு அறையின் சுவரில் பெண்கள் ஊர்வலமாக வருகிறார்கள். அவர்கள் இயேசுவின் கல்லறைக்கு வந்த பெண்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவமோ ஐந்தாம் நூற்றாண்டுக்கு முன் மிக அரிது. கிழக்குத் திருச்சபை இந்தப் போக்கைக் கைவிடவில்லை. இஸ்தான்புல்லின் கோரா ஆலயத்தில் 14ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட ஓவியத்தில், எழுந்த கிறிஸ்து ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறைப் பெட்டிகளிலிருந்து இழுத்துத் தூக்குகிறார். அவர் தனியாக எழவில்லை. மீட்பு பற்றிய ஒரு முழு இறையியலே அந்த இழுப்பில் இருக்கிறது.

மேற்கின் பார்வை வேறு பக்கம் திரும்பியது. பத்தாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட கொலோன் பேராலயச் சிலுவையில் இயேசு தலை சாய்ந்து, உயிரற்றுத் தொங்குகிறார். 1098இல் கேன்டர்பரி பேராயர் ஆன்செல்ம், கடவுள் ஏன் மனிதரானார் என்ற கேள்வியைத் தம் சீடர் போசோவோடு நடத்தும் உரையாடலாக எழுதி முடித்தார். பாவம் கடவுளுக்குரிய மதிப்பைப் பறிக்கிறது. அதற்கு ஈடு செய்ய வேண்டியவன் மனிதன், செய்ய வல்லவர் கடவுள் மட்டுமே. ஆகவே கடவுள்-மனிதர் ஒருவர் மனமுவந்து இறக்க வேண்டியிருந்தது என்பது வாதம். கட்டுக்கோப்பில் குறை சொல்ல முடியாத வாதம் இது. ஆனால் ஈடு செலுத்தியானதும் கணக்கு நேராகிவிடுகிறது. மூன்றாம் நாளுக்கு அங்கே வேலையில்லை.

தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் இதை ஓரளவு சரிசெய்தார். கிறிஸ்துவின் உயிர்த்தெழுதல் மனிதரின் உடல் எழுவதற்கு மட்டுமல்ல, ஆன்மா புதுப்பிக்கப்படுவதற்கும் காரணம் என்றார். 1563இல் வெளிவந்த ஹைடல்பெர்க் வினாவிடை நூலும் உயிர்த்தெழுதலின் பயன்களைத் தனிக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டது. ஆனாலும் மக்களின் பக்தியிலும் மறையுரைகளிலும் புனித வெள்ளியே ஓங்கி நின்றது. ஈஸ்டர், இயேசு சொன்னது உண்மை என்பதற்கான சான்றாகச் சுருங்கியது. கத்தோலிக்கர்களிடையே, ஈஸ்டருக்கு முந்திய இரவுக்குரிய பாஸ்கா திருவிழிப்புச் சடங்கே பல நூற்றாண்டுகளாகச் சனிக்கிழமை காலையில் நடந்துவந்தது.

திருப்பம் 20ஆம் நூற்றாண்டில் வந்தது. 1930இல் ஸ்வீடன் நாட்டு லூத்தரன் இறையியலாளர் குஸ்தாஃப் அவுலேன், சாவையும் தீய சக்திகளையும் கிறிஸ்து வென்றார் என்பதே ஆதிச் சபையின் மூல விளக்கம் என்று வாதிட்டார். 1950இல் பிரெஞ்சு மீட்பர் சபைக் குரு துர்வெல், உயிர்த்தெழுதலே மீட்பின் மறைபொருள் என்று தம் நூலின் தலைப்பிலேயே அறிவித்தார். அடுத்த ஆண்டே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் பாஸ்கா திருவிழிப்பை மீண்டும் இரவில் நடத்த அனுமதித்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய தன் ஏட்டில், பாடுகளையும் உயிர்த்தெழுதலையும் விண்ணேற்றத்தையும் பிரிக்காமல் ஒரே பாஸ்கா மறைபொருளாக வைத்தது.

தமிழகத்தோடு தொடர்புடைய ஒரு குரல் துர்வெலின் நூலுக்கு முன்பே எழுந்திருந்தது. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாகப் பணியாற்றிய பி. செஞ்சையா, 1938ஆம் ஆண்டுத் தாம்பரம் உலக மிஷனரி மாநாட்டையொட்டி நண்பர்களோடு ஒரு கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டார். இயேசுவில் ஒரு புதிய மனித இனமே தொடங்கிவிட்டது, தூய ஆவியே அதன் ஆற்றல், மீட்பு என்பது அந்தப் புதுப்படைப்பில் பங்குபெறுவது என்பது அவருடைய சிந்தனை. இந்து மரபிலிருந்து வந்த அவருக்குக் கடன், ஈடு என்ற சொற்களைவிட, வாழும் கிறிஸ்துவோடு நேரடித் தொடர்பே முக்கியமாக இருந்தது. ஆன்செல்மிடம் இல்லாத மூன்றாம் நாள் செஞ்சையாவிடம் நிறையவே இருக்கிறது. சிலுவையின் கனம்தான் குறைந்துவிடுகிறது. கொரிந்தியருக்குப் பவுல் எடுத்துச்சொன்ன பழைய அறிக்கையோ இறந்ததையும் எழுந்ததையும் ஒரே மூச்சில் சொல்கிறது.