மின்னூட்டமும் வளைவும்: கூர்முனை விதியின் எல்லைகள்

மேல்நிலை வகுப்பில் நிலைமின்னியல் படித்தவர்களுக்கு இரு கோளக் கணக்கு நினைவிருக்கும். ஆரம் வேறுபட்ட இரண்டு கடத்திக் கோளங்களை மெல்லிய கம்பியால் இணைக்கிறோம். இரண்டின் மின்னழுத்தமும் சமமாகிறது. ஆகவே மின்னூட்டப் பரப்படர்த்தி ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. இதைக் கொண்டு, எந்தக் கடத்தியிலும் வளைவு மிகுந்த இடத்தில் மின்னூட்டம் செறியும் என்ற பொது விதியையும் வகுத்துவிடுகிறோம். கணக்கு சரியானது, பொது விதி தவறு. ஓரிடத்தின் வளைவை மட்டும் அறிந்து அவ்விடத்தின் அடர்த்தியைச் சொல்ல முடியாது. வளைவுக்கு உரிய உண்மையான பங்கு வேறு.

சமநிலையில் கடத்தியின் உள்ளே மின்புலம் சுழி. பரப்பு முழுவதும் ஒரே மின்னழுத்தம். ஒவ்வொரு புள்ளியின் அழுத்தத்துக்கும் பரப்பின் எல்லாப் பகுதிகளும், அண்டையில் உள்ள பொருள்களும் பங்களிக்கின்றன. எனவே அடர்த்தியைத் தீர்மானிப்பது முழு வடிவமும் சூழலுமே. கடத்தியில் கூம்பு வடிவில் ஒரு குழியைக் குடைந்தால் அதன் அடிமுனை மிகக் கூர்மையானது. ஆனால் அங்கே மின்னூட்டம் அநேகமாக இருக்காது. ஒரு கோளத்தின் அருகே மின்னூட்டம் பெற்ற வேறொரு பொருளைக் கொண்டுவந்தால், வளைவு எங்கும் மாறாதிருக்க, அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுகிறது, குறிகூட மாறலாம்.

இரு கோளக் கணக்கில் சொல்லாமல் விடப்படும் எடுகோள் ஒன்று உண்டு. ஒரு கோளத்தின் மின்னூட்டம் மற்றதன் அழுத்தத்தைப் பாதிக்காத அளவுக்கு இரண்டும் விலகி நிற்க வேண்டும். அவற்றை நெருக்கித் தொடவைத்தால் என்ன ஆகும்? இதைக் கூலும் சோதனையால் ஆராய்ந்தார். 1812இல் புவாசோன் கணிதத்தால் தீர்த்தார். சமமான இரு கோளங்கள் தொட்டுக்கொள்ளும்போது தொடுபுள்ளியில் அடர்த்தி சுழியாகிவிடுகிறது. வளைவு எங்கும் ஒன்றே என்பதை மறக்கக் கூடாது. ஒரு கோளத்தின் ஆரம் மற்றதைப் போல் ஆயிரத்தில் ஒரு பங்கு எனக் கொள்வோம். நீண்ட கம்பிக் கணக்கின்படி சிறியதன் அடர்த்தி ஆயிரம் மடங்கு. தொட்டுக்கொள்ளும் நிலையிலோ, சிறியதை எவ்வளவு சுருக்கினாலும் அதன் சராசரி அடர்த்தி பெரியதன் அடர்த்தியைப் போல் பையின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கை, அதாவது சுமார் 1.645 மடங்கைத் தாண்டாது. தொடுபுள்ளிக்கு நேர் எதிர்முனையில்கூட அது ஏறத்தாழ 4.2 மடங்கோடு நின்றுவிடும். ஆயிரம் எங்கே, 4.2 எங்கே! வளைவைக் கொண்டு மட்டும் இந்த வேறுபாட்டை விளக்க வழியே இல்லை.

விதி ஓரளவு பலிக்கும் வடிவம் நீள்வட்டத்திண்மம். தனித்து நிற்கும் அதன் பரப்பில் வளைவு மிகும் இடத்தில் அடர்த்தியும் மிகுகிறது. ஆனால் அடர்த்தி, காஸின் வளைவின் நான்காம் மூலத்துக்கு நேர்விகிதத்தில்தான் உயர்கிறது. நீளம் அகலத்தைப் போல் பத்து மடங்கு உள்ள சுழல் நீள்வட்டத்திண்மத்தில் முனையின் வளைவு நடுப்பகுதியைப் போல் 10,000 மடங்கு. அடர்த்தியோ பத்து மடங்கு மட்டுமே. இன்னும் வியப்பான செய்தி உண்டு. அந்தத் திண்மத்தை அச்சுக்குக் குறுக்காகச் சம தடிமனுள்ள வில்லைகளாகப் பிரித்தால், எல்லா வில்லைகளிலும் மின்னூட்டம் சமமாகவே இருக்கும். ஊசிபோல் மெலியும்வரை நீட்டினாலும் இது மாறாது. முனையில் அடர்த்தி உயர்வதற்குக் காரணம், அங்குள்ள வில்லையின் பரப்பு குறைவு என்பதே. மின்னூட்டம் முனையை நாடி ஓடுகிறது என்று வகுப்பில் சொல்லும் விளக்கம் இங்கே பொருந்தவில்லை.

அப்படியானால் வளைவு எதைத் தீர்மானிக்கிறது? பரப்பை விட்டு வெளியே செல்லச் செல்ல மின்புலம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை. பரப்பை ஒட்டிய ஒரு நுண்குழாய்க்குக் காஸ் விதியைப் பயன்படுத்தினால், புலம் குறையும் சார்பு வீதம் அவ்விடத்தின் இரு முதன்மை வளைவுகளின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்று கிடைக்கிறது. இது அந்தப் புள்ளியின் வளைவை மட்டுமே சார்ந்த, எந்தக் கடத்திக்கும் பொருந்தும் முடிவு. பாடநூல்கள் தேடும் உள்ளூர் விதி இதுதான்.

இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. கூரிய இடிதாங்கியின் நுனியில் புலம் மிக வலியது. ஆனால் சிறிது தொலைவுக்குள்ளேயே தளர்ந்துவிடும். மழுங்கிய முனையில் தொடக்கப் புலம் குறைவானாலும் அது வெளியே நெடுந்தூரம் நிலைக்கிறது. மூர், ரைசன், ஆலிக் ஆகியோர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மலைப்பகுதியில் இரு வகைத் தண்டுகளையும் நிறுத்தி ஏழாண்டு காலம் கவனித்தனர். 12.7 முதல் 25.4 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள மழுங்கிய தண்டுகளில் 12ஐ மின்னல் தாக்கியது. கூரிய தண்டு ஒன்றையும் தாக்கவில்லை. கூர்முனையிலிருந்து கசியும் அயனிகள் அதன் மேலுள்ள புலத்தை மேலும் தளர்த்துவதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

இரு கோளக் கணக்கைப் பாடத்திலிருந்து நீக்க வேண்டியதில்லை. கம்பி நீளமானது என்ற நிபந்தனையை வெளிப்படையாக எழுதி, தொட்டுக்கொள்ளும் கோளங்களின் முடிவை அதற்கு அடுத்தே தர வேண்டும் என்று பாடநூல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.