பிரான்சிஸ்கன் வறுமைச் சர்ச்சை

கிறிஸ்தவத் துறவி எதையேனும் தனதென்று சொல்லலாமா என்று 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியத் திருச்சபையை உலுக்கிய விவாதம். அசிசி நகரத் துணி வணிகரின் மகன் பிரான்சிஸ் (இறப்பு 1226), ஆயர் முன்னிலையில் உடுத்திய ஆடையையும் களைந்து தந்தையிடமே கொடுத்தவர். அவர் தொடங்கிய துறவுச் சபைக்கு 1223-இல் ஏற்பு பெற்ற ஒழுங்கு காசு வாங்குவதைத் தடுத்தது. அங்கி கிழிந்தால் சாக்குத் துணியால் ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். சபை பெருகியதும் மடங்களும் நூல்களும் சேர்ந்தன. உடைமை திருத்தந்தைக்கு, பயன்பாடு மட்டும் துறவிகளுக்கு என 1279-இல் திருத்தந்தை மூன்றாம் நிக்கோலாஸ் வகுத்தார்.

பின்னர் வந்த திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. உண்டு தீர்க்கும் உணவில் உடைமையையும் பயன்பாட்டையும் எப்படிப் பிரிப்பது என்பது அவர் வாதம். சட்டப்படி அது வலுவானதே. ஆனால் பொருள் மனத்தைப் பற்றிக்கொள்ளும் என்ற பிரான்சிஸின் அச்சத்துக்கு அதில் பதில் இல்லை. யோவானின் ஆணைப்படி, வறுமையின் அடையாளமான குட்டை அங்கியைக் கைவிடவும் தானியக் கிடங்குகளை ஏற்கவும் மறுத்த நான்கு துறவிகள் 1318-இல் மார்செய் நகரில் எரிக்கப்பட்டனர். கிறிஸ்துவுக்கும் திருத்தூதருக்கும் உடைமையே இல்லை எனச் சாதிப்பது தப்பறை என்று 1323-இல் அறிவிக்கப்பட்டது. சபைத் தலைவர் செசேனா மைக்கேலும் மெய்யியலாளர் ஓக்கம் வில்லியமும் 1328-இல், அப்போது திருத்தந்தை இருந்த அவிஞ்ஞோனிலிருந்து தப்பி, அவரோடு மோதிய பேரரசர் பவேரியாவின் லுட்விக்கிடம் அடைக்கலம் புகுந்தனர்.