இணையத்தளச் செலவின் வரலாறு

இணையத்தளம் ஒன்றை அமைக்க எவ்வளவு செலவாகும் என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. ஆள்களப்பெயர் எனப்படும் முகவரிக்கு ஒரு கட்டணம், கோப்புகளை வைத்திருக்கும் வழங்கிக்கு (சர்வர்) வாடகை, பக்கங்களை வடிவமைப்பவருக்குக் கூலி, பிறகு ஆண்டுதோறும் பராமரிப்பு என்று அது நான்காகப் பிரியும். இவை ஒரே நாளில் தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றும் எப்படி விலைக்கு வந்தது, எப்படி இலவசமானது என்று பார்த்தால், இன்று ஒருவர் எந்த வழியில் தளம் அமைக்கலாம் என்பதும் விளங்கும்.

கட்டணம் கேட்ட கோபர்

உலகளாவிய வலை என்ற திட்டத்தை டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் முன்வைத்தார். அப்போது அவர் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். முதல் இணையத்தளம் அவருடைய மேசையிலிருந்த நெக்ஸ்ட் கணினியிலேயே இயங்கியது. அந்தக் கணினியை யாரும் அணைத்துவிடக் கூடாது என்று அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. அன்றைய பராமரிப்புச் செலவு அவ்வளவுதான்!

அதே காலத்தில் வலைக்குப் போட்டியாக ‘கோபர்’ என்ற முறை இருந்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்ட இது, தகவல்களைப் பட்டியல் பட்டியலாக அடுக்கிக் காட்டும். தொடக்கத்தில் வலையைவிடக் கோபரே பரவலாகப் பயன்பட்டது. 1993இன் தொடக்கத்தில், கோபர் வழங்கி மென்பொருளை வணிக நோக்கில் பயன்படுத்துவோர் கட்டணம் செலுத்த வேண்டும் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. இன்று சிலரிடம் கேட்பவர்கள் நாளை நம்மிடமும் கேட்பார்களோ என்ற அச்சம் பரவியது. அந்த ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் செர்ன் இதற்கு நேர்மாறாக, வலைக்கான மென்பொருளை எவரும் உரிமைத்தொகை இன்றிப் பயன்படுத்தலாம் என்று எழுத்து மூலம் அறிவித்தது. படங்களைக் காட்டும் மொசைக் உலாவியும் அதே ஆண்டு வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளில் கோபர் மறக்கப்பட்டது.

முகவரிக்கு விலை

ஆள்களப்பெயர்கள் முதலில் இலவசமாகவே கிடைத்தன. பதிவுச் செலவை அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டிருந்தது. விண்ணப்பங்கள் பெருகியதும், 1995 செப்டம்பரில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர் வசூலிக்கத் தொடங்கியது. பதிவு ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததால் பேரத்துக்கு இடமில்லை. 1999இல் வேறு பதிவாளர்களும் அனுமதிக்கப்பட்ட பிறகு விலை இறங்கியது. ‘டாட் காம்’ பெயருக்குப் பதிவாளர் செலுத்தும் மொத்த விலை அப்போது ஆண்டுக்கு 6 டாலர். 2024 செப்டம்பரில் 10.26 டாலர். கால் நூற்றாண்டில் இது பெரிய உயர்வு அல்ல. ஆகவே இன்று ஒருவருக்குப் பல்லாயிரம் ரூபாய் செலவானால், அது முகவரிக்காக ஆனதன்று.

இலவச மனையில் கட்டிய வீடுகள்

வழங்கிக்கு வாடகை கட்ட முடியாதவர்களுக்கு 1990களின் நடுவில் கிடைத்த வழி ஜியோசிட்டீஸ். டேவிட் போனட், ஜான் ரெஸ்னர் ஆகியோர் தொடங்கிய இது, யார் கேட்டாலும் சிறிதளவு இடத்தை இலவசமாகத் தந்தது. தளங்கள் ஊர்ப்பகுதிகளைப் போலப் பிரிக்கப்பட்டிருந்தன. கணினி பற்றிய தளம் ‘சிலிக்கன் வேலி’யிலும், திரைப்படத் தளம் ‘ஹாலிவுட்’டிலும் கதவிலக்கத்தோடு இருக்கும். எச்டிஎம்எல் குறிகளைத் தாமாகவே கற்றுக்கொண்டு பக்கம் எழுதிய மாணவர்களும் இல்லத்தரசிகளும் ஏராளம். கூலியும் இல்லை, வாடகையும் இல்லை.

1999இல் யாஹூ இந்த நிறுவனத்தை 300 கோடி டாலருக்கும் மேலான பங்கு மதிப்பில் வாங்கியது. அவ்வாண்டு நடுவில் வந்த புதிய விதிமுறை, பயனர் எழுதியவற்றை நிறுவனம் நிரந்தரமாகப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையைக் கோரியது. பலர் தம் பக்கங்களை வெறுமையாக்கி எதிர்ப்புத் தெரிவிக்கவே, நிறுவனம் விரைவில் பின்வாங்கியது. பத்தாண்டுகள் கழித்து, 2009 அக்டோபர் 26 அன்று, ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. சில மாத அவகாசம் தரப்பட்டது உண்மைதான். ஆனால் பழைய கடவுச்சொல்லை மறந்தவர்களும் உயிரோடு இல்லாதவர்களும் அந்த அவகாசத்தை என்ன செய்ய முடியும்? ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழுவும் இன்டர்நெட் ஆர்க்கைவும் முயன்று ஒரு பெரும் பகுதியை நகலெடுத்துக் காத்தன. முகவரிகளை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. ஏனெனில் அவை எழுதியவர்களுடையவை அல்ல. புறம்போக்கில் வீடு கட்டியவர் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகலாம், கதவிலக்கத்தைக் கொண்டுபோக முடியாது.

வலைப்பூவும் வேர்ட்பிரஸும்

1999இல் தொடங்கிய பிளாகர் சேவையை 2003இல் கூகுள் வாங்கியது. எச்டிஎம்எல் தெரியாதவரும் இதில் எழுதலாம். தமிழுக்கு இது நல்ல தருணத்தில் வந்தது. அதுவரை தமிழ்த் தளங்கள் வெவ்வேறு எழுத்துருக் குறியேற்றங்களில் இருந்தன; உரிய எழுத்துருவை நிறுவாதவருக்குப் பக்கம் முழுவதும் புரியாத குறிகளாகவே தெரியும். ஒருங்குறி பரவியதும் அந்தத் தொல்லை நீங்கியது. தமிழ் வலைப்பூக்கள் பெருகின. அவற்றைத் திரட்டித் தரும் தமிழ்மணம் 2004இல் தொடங்கியது.

சொந்த வழங்கியில் வலைப்பூ வைத்திருந்தவர்கள் பலர் மூவபிள் டைப் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினர். 2004 மே மாதம் அதன் புதிய பதிப்பு, இலவசப் பயனாளர் எத்தனை வலைப்பூ நடத்தலாம் என்று வரம்பு கட்டியது, மிகுந்தால் கட்டணம். கோபரின் கதை இங்கே மீண்டும் நடந்தது. மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003 மே 27 அன்று வெளியிட்டிருந்த வேர்ட்பிரஸ், கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் கீழ் இருந்தது. அதை உருவாக்கியவர்களே நினைத்தாலும் வெளியிட்ட பதிப்பைத் திரும்பப் பெற முடியாது. மூவபிள் டைப்பை விட்டு விலகியவர்களில் பலர் அங்கே குடியேறினர்.

இன்றைய கணக்கு

இப்போது வழிகள் பல. விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் போன்ற சேவைகளில் மாதச் சந்தா கட்டினால் வழங்கி, வடிவமைப்பு, பாதுகாப்பு எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். நேரமில்லாத சிறு வணிகருக்கு இது ஏற்றது. ஆனால் அங்கே கட்டிய தளத்தை அப்படியே வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல இயலாது. வேர்ட்பிரஸை வாடகை வழங்கியில் நிறுவினால் எடுத்துச் செல்லலாம். ஆனால் இற்றைப்படுத்தும் வேலை உரிமையாளருடையது. அதைச் செய்யாத தளங்கள் எளிதில் ஊடுருவலுக்கு ஆளாகின்றன. மாறாத சில பக்கங்கள் மட்டும் போதுமென்றால் கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகள் இலவசமாகவே இடம் தருகின்றன. பூட்டுக்குறிக்கான பாதுகாப்புச் சான்றிதழும் லெட்ஸ் என்கிரிப்ட் 2015 இறுதியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபின் காசின்றிக் கிடைக்கிறது.

விலைப்பட்டியலைப் படிக்கும்போது முதலாண்டுச் சலுகை விலையை விட்டுவிட்டுப் புதுப்பிப்பு விலையைப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், ஆள்களப்பெயர் யார் பெயரில் பதிவாகிறது என்பது. வடிவமைப்பாளர் தம் பெயரிலேயே பதிந்துகொண்டால், நாளை அவரோடு மனத்தாங்கல் வந்தால் பள்ளியோ கடையோ தன் முகவரியையே இழக்க நேரிடும்.

செர்னின் முதல் தளம்கூட இடையில் அதன் பழைய முகவரியில் இல்லாமல் போயிருந்தது. முகவரி செர்ன் வசமே இருந்ததால், 2013இல் பழைய கோப்புகளை அங்கேயே மீண்டும் ஏற்றினார்கள். வெறும் எழுத்தும் சுட்டிகளும் மட்டுமே கொண்ட அந்தப் பக்கம் இன்றைய கைப்பேசி உலாவியிலும் திறக்கிறது.