நூல் பின்னி மீண்ட பிள்ளைகள்

நாகர்கோவில் லேஸ் கேள்விப்பட்டிருப்பீங்க. திண்டு மேல குண்டூசி குத்தி, சின்னக் கட்டைகள்ல சுத்தின மெல்லிசு நூலை மாத்தி மாத்திப் போட்டு முறுக்கிப் பின்னுவாங்க. என் கை மாதிரி காட்டுவேலையில வெடிச்ச கை பட்டா நூல் சிக்கிக்கும்.

1819-ல் அங்கே வந்த லண்டன் மிஷன் மார்த்தா மால்ட் அம்மா, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி இந்த வேலையையும் பழக்கினாங்க. அப்போ அது திருவிதாங்கூர் சீமை. நிலத்தோட சேர்த்து ஆளையும் வித்த காலம். அடிமைகளாப் பிறந்த பிள்ளைகள் சிலர், லேஸ் கூலியைச் சேர்த்து எசமானுக்குக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கிட்டாங்க.

அடிமைமுறையை முழுசா ஒழிச்ச அரசு உத்தரவு 1855-லதான் வந்தது. தலைமுறை தலைமுறையா நாத்து நட்ட கைக்கு மீட்சிக்காசு சேரவே இல்ல. நூல் பின்னின கைக்குச் சேர்ந்தது.