கட்டுப்படுத்தும் வினைபடுபொருள்

வேதிவினை ஒன்றில் முதலில் முழுவதுமாகத் தீர்ந்து, அவ்வினையை முடிவுறச் செய்யும் பொருள் கட்டுப்படுத்தும் வினைபடுபொருள் எனப்படும். இது வினைக் கட்டுப்பாட்டுக் காரணி எனவும் அழைக்கப்படுகிறது. உருவாகக்கூடிய விளைபொருளின் உச்ச நிறையை இதுவே தீர்மானிக்கிறது. எஞ்சி நிற்பது மிகை வினைபடுபொருள் ஆகும்.

கண்டறியும் முறை

1. வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்ய வேண்டும்.
2. ஒவ்வொரு பொருளின் நிறையையும் அதன் மோலார் நிறையால் வகுத்து, மோல் எண்ணிக்கையைப் பெற வேண்டும்.
3. அதனை அப்பொருளின் கெழுவால் வகுக்க வேண்டும். மிகச் சிறிய ஈவைத் தருவதே கட்டுப்படுத்தும் வினைபடுபொருள்.
4. அந்த ஈவை விளைபொருளின் கெழுவாலும் மோலார் நிறையாலும் பெருக்கினால் விளைபொருளின் நிறை கிடைக்கும்.

எடுத்துக்காட்டு: பீங்கான்

கடலூர் மாவட்டத்தில் ஸ்ரீமுஷ்ணத்திற்கு அண்மையிலுள்ள விருத்தாச்சலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரமாகும். பீங்கானின் முதன்மை மூலப்பொருளான வெண்களிமண்ணில் உள்ள கனிமம் கயோலினைட்டு. சூளையில் ஏறத்தாழ 500 முதல் 600 பாகை செல்சியசில் இது நீரை இழக்கிறது. 1000 பாகைக்கு மேல் பீங்கானுக்கு வலிமை தரும் முல்லைட்டு உருவாகிறது.

3 அலுமினா + 2 சிலிக்கா → 1 முல்லைட்டு

இவற்றின் மோலார் நிறைகள் முறையே ஏறத்தாழ 102, 60, 426 கிராம் ஆகும்.

774 கிராம் தூய கயோலினைட்டில் 306 கிராம் அலுமினா (3 மோல்), 360 கிராம் சிலிக்கா (6 மோல்), 108 கிராம் நீர் ஆகியவை அடங்கியுள்ளன. கெழுக்களால் வகுக்க, அலுமினாவிற்கு 1, சிலிக்காவிற்கு 3 என ஈவுகள் கிடைக்கின்றன. எனவே அலுமினாவே கட்டுப்படுத்தும் வினைபடுபொருள். முல்லைட்டு 426 கிராம் உருவாகும். சிலிக்கா 240 கிராம் எஞ்சும். நீரையும் சேர்த்துக் கூட்டினால் மீண்டும் 774 கிராம் வருவது கணக்கின் சரிபார்ப்பு ஆகும்.

நிறையும் மோலும்

நிறை குறைந்த பொருளே முதலில் தீரும் எனக் கருதுவது தவறு. மேற்கண்ட களிமண்ணுடன் 408 கிராம் அலுமினா சேர்த்தால், மொத்த அலுமினா 714 கிராம் (7 மோல்) ஆகிறது. இது சிலிக்காவின் நிறையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆயினும் அதன் ஈவு 2.33 மட்டுமே, சிலிக்காவின் ஈவு 3. ஆகவே அலுமினாவே இப்போதும் முதலில் தீர்கிறது. முல்லைட்டு 994 கிராம் கிடைக்கும். சிலிக்கா 80 கிராம் எஞ்சும். 612 கிராம் அலுமினா சேர்த்தால் மட்டுமே இரண்டும் ஒருங்கே தீர்ந்து, 1278 கிராம் முல்லைட்டு உருவாகும்.

நடைமுறை முக்கியத்துவம்

எஞ்சும் சிலிக்கா கிரிசுடோபலைட்டு எனும் படிகமாக மாறக்கூடும். இது ஏறத்தாழ 200 முதல் 270 பாகை செல்சியசுக்கு இடையே குளிரும்போது திடீரெனச் சுருங்குவதால் பொருளில் விரிசல் விழலாம். பீங்கான் கலவையில் சேர்க்கப்படும் பெல்சுபார் உருகி, சிலிக்காவின் ஒரு பகுதியைக் கண்ணாடியாக மாற்றிவிடுகிறது. களிமண்ணிலுள்ள மாசுகளாலும் வினை முழுமையடையாமையாலும் உண்மையில் கிடைக்கும் முல்லைட்டு, கணக்கிட்ட நிறையைவிடக் குறைவாகவே இருக்கும்.